பதினெட்டில் பதினாறு சுற்றியது

போன வாரம் ஏழாவது பள்ளியில் 18 மோட்டாரில் 16 சுற்றியது. முதல் பள்ளியில் சுற்றியது மூன்றுதான். இடையில் ஒன்பது மாதம் போயிருக்கிறது. இரண்டு பெட்டிகள், ஒரு வேலைக்காகாத ஜிக் (கம்பியைப் பிடித்து வைத்து ஒரே மாதிரி சுரண்ட உதவும் மரக்கட்டை), கணக்கில்லாத பேட்டரி செல்கள் எல்லாம் போயின. சூட்டோடு சூடாக எழுதி வைத்தால்தான் எதை எதற்காக மாற்றினோம் என்பது நினைவில் நிற்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

செய்வது இதுதான். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு, அவர்கள் கையாலேயே செய்து பார்க்கும் சோதனைகளைப் பெட்டியில் அடைத்துப் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோகிறோம். ஒரு பள்ளிக்கு ஒரு நாள், ஒரு வகுப்புக்கு 40 நிமிடம். ஆறாம் வகுப்புக்கு ஊசல், ஏழாம் வகுப்புக்கு நிறம் மாறும் தாளும் சிடி குழலும் (சிடியை வைத்து ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் குழல்), எட்டாம் வகுப்புக்கு மோட்டார். போவது இரண்டே பேர். நான், அப்புறம் முப்பது வருடம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர். பேச்சு என் பொறுப்பு, பொருள் அவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். இப்போது பேச்சு கிட்டத்தட்ட இல்லை. அந்தக் கதை பின்னால் வரும்.

மோட்டார் எல்லோரும் பார்த்திருக்கக்கூடியதுதான். எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, இரு முனைகளையும் எதிரெதிராக நீட்டி அச்சாக்கி, இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து, கீழே ஒரு காந்தம். ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும், மறுமுனையில் பாதிச் சுற்றளவுக்கு மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் சுருள் அரைச்சுற்று வந்து திரும்பி ஆடிக்கொண்டே நின்றுவிடும். பாதி சுரண்டினால் சுற்றுக்கு ஒருமுறை மின்சாரம் அறுந்து, மீதி அரைச்சுற்றை அது தன் வேகத்திலேயே கடக்கும். இதற்கு மேல் தத்துவம் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

வீட்டு மேசையில் முதல் மோட்டார் பத்தே நிமிடத்தில் சுற்றியது. 26 கேஜ் கம்பி (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்), ஒரு ஏஏ செல், இரண்டு ஊக்கு, ஒரு ரப்பர் பேண்டு. அந்தப் பத்து நிமிடம்தான் என்னை ஏமாற்றியது. ஒன்று சுற்றினால் 18 சுற்றும் என்று நம்பி, எல்லாவற்றையும் 18 செட் வாங்கி, ஒரே பெரிய பெட்டியில் கொட்டிக்கொண்டு போனேன்.

முதல் பள்ளியில் கால் மணி நேரம் கரும்பலகையில் இடக்கை விதியை (காந்தத்தின் அருகே மின்சாரம் போகும் கம்பி எந்தப் பக்கம் தள்ளப்படும் என்பதை) விளக்கினேன். பிள்ளைகளின் கண் பெட்டியைவிட்டு நகரவில்லை. மிச்சம் 25 நிமிடத்தில் மூன்று ஜோடிகளுக்கு மட்டும் சுற்றியது. மற்றவர்களின் சுருள் ஆடியது, துடித்தது, சில அசையவே இல்லை. ஒருவன் செல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு "சார், சுடுது" என்றான். ஒரு மீட்டர் 26 கேஜ் செம்புக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.1 ஓம்தான். சுருள் சுற்றாமல் நின்றால் செல் கிட்டத்தட்ட ஷார்ட் ஆனது மாதிரி. மதியத்துக்குள் 18 செல்லும் சோர்ந்துவிட்டன. சாயங்காலம் எண்ணினால் ஏழு காந்தம் குறைந்தது. மூன்றைத் தேடிப் பிடித்தோம், பெஞ்சுகளின் இரும்புக் காலில் உள்பக்கமாக ஒட்டியிருந்தன. மற்ற நான்கும் யாருடைய ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கிறதோ, நல்லபடியாக இருக்கட்டும்.

திரும்பும் வழியில் நான் எடுத்த முடிவு தவறானது: காந்தம் போதவில்லை, பெரிய காந்தம் வேண்டும். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள நியோடிமியம் வட்டுகள் வாங்கினேன். மொத்தச் செலவில் மிகவும் உறுத்துவது அதுதான். இரண்டாவது பள்ளியில் ஐந்து மோட்டார் சுற்றியது. அதே நேரம் காந்தம் இழுத்த இழுப்பில் ஊக்குகள் உள்பக்கமாகச் சாய்ந்தன, ஏனென்றால் ஊக்கு இரும்பு. இரண்டு வட்டுகள் ஒன்றோடொன்று பாய்ந்து மோதி விளிம்பு சிதறின. ஒரு பையனின் விரல்தோல் நடுவில் சிக்கியது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. இத்தகைய காந்தம் இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு துளை போட்டுவிடும். 36 பிள்ளைகள் உள்ள அறைக்கு அது வேண்டாம். மறுநாளே அவற்றை ஒதுக்கிவிட்டு, ஒலிபெருக்கியில் இருக்கிற மாதிரியான கறுப்பு ஃபெரைட் வட்டுக்குத் திரும்பினோம். 25 மில்லிமீட்டர் விட்டம், 5 மில்லிமீட்டர் தடிமன். அண்ணன் அவற்றை மரப்பலகையில் எபாக்சி வைத்து ஒட்டிவிட்டார். அதன்பிறகு ஒரு காந்தமும் காணாமல் போகவில்லை.

மூன்றாவது பள்ளிக்கு நான் குறுக்கு வழியில் போனேன். 18 சுருளையும் வீட்டிலேயே சுற்றி, சுரண்டி, ஒவ்வொன்றாகச் சோதித்து எடுத்துப்போனேன். 18-ம் சுற்றின. மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. முன்வரிசைப் பெண் "அவ்வளவுதானா சார்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மீதி நேரத்தை எப்படி ஓட்டினேன் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை. எண்ணிக்கையில் அதுதான் எங்கள் சிறந்த நாள், வகுப்பாகப் பார்த்தால் மோசமான நாள்.

சரி, சுருளைப் பிள்ளைகளே செய்ய வேண்டும், ஆனால் சுரண்டல் பிசகக் கூடாது. பிரச்சினை அங்கேதான் என்பது அப்போதுதான் உறைத்தது. உப்புத்தாளைக் கொடுத்து "பாதி மட்டும் சுரண்டு" என்றால் பன்னிரண்டு வயதுக் கை முழுக்கத்தான் சுரண்டும், என் கையும் அப்படித்தான். முழுக்கச் சுரண்டிவிட்டு, பாதியை பெர்மனென்ட் மார்க்கரால் மூடிப் பார்த்தோம். முதலில் சுற்றும், ஒரு நிமிடத்தில் மை தேய்ந்துவிடும். நகப்பூச்சு தேயாது, காய்வதற்குள் மணி அடித்துவிடும். 1821இல் ஃபாரடே மின்சாரத்தால் கம்பியைச் சுழல வைத்தபோது, தொடுப்பு அறுந்துபோகாமல் இருக்கக் கிண்ணத்தில் பாதரசம் வைத்திருந்தார். நமக்கு அந்த வசதி கிடையாது, வேண்டவும் வேண்டாம்.

ஜிக் செய்யலாம் என்று அண்ணன்தான் சொன்னார். 80 மில்லிமீட்டர் நீளம், 40 அகலம், 20 உயரத்தில் ஒரு மரத்துண்டு. அதன் மேல்பரப்பில் கம்பி உட்காரக் கத்தியால் கீறிய மெல்லிய பள்ளம். 26 கேஜ் கம்பியின் விட்டம் 0.46 மில்லிமீட்டர். பள்ளத்தின் ஆழம் அதில் பாதி, அதாவது கால் மில்லிமீட்டரைவிட ஒரு மயிரிழை குறைவு. கம்பியைப் பள்ளத்தில் வைத்து மேலே உப்புத்தாளைத் தட்டையாக ஓட்டினால், வெளியே நிற்கிற மேல்பாதி மட்டும்தான் சுரண்டப்படும். யாருடைய கை என்பது முக்கியமே இல்லை.

யோசனை நல்லது, நாங்கள் செய்த முதல் ஜிக் தப்பு. சுருள் மரத்தின் மேல் படுத்திருக்கும்படி செய்திருந்தோம், செதுக்க அதுதான் சுலபம். வீட்டில் ஒன்றைச் சோதித்தோம், சுற்றியது. ஒன்பது ஜிக் செய்து நான்காவது பள்ளிக்குப் போனோம். 18-க்கு இரண்டு. முதல் பள்ளியைவிடக் கேவலம்! எல்லாச் சுருளும் காந்தத்துக்கு மேலே சப்பென்று படுத்து, சின்னதாகத் துடித்து நின்றன.

அண்ணன் ஒரு சுருளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, படுத்திருக்கும்போது கரண்ட் குடுத்து என்ன பண்றது? நிக்கும்போதுல்ல தள்ளணும்" என்றார். அவ்வளவுதான் விஷயம். காந்தம் தட்டையாகக் கிடக்கிறது. சுருள் செங்குத்தாக நிற்கும்போதுதான் திருப்புவிசை அதிகம், படுத்திருக்கும்போது பூச்சியம். நாங்களோ படுத்த நிலையை நடுவில் வைத்து மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தோம். வீட்டில் சோதித்தது மட்டும் ஏன் சுற்றியது என்று பிறகு பார்த்தேன். நான் சுற்றிய அழகில் அதன் ஒரு முனை கால் திருகு திரும்பியிருந்தது. ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டியிருக்கிறது. ஒன்றை மட்டும் சோதித்துவிட்டுக் கிளம்பும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். இப்போது குறைந்தது ஆறு, அதுவும் ஆறு பேர் கையால்.

இரண்டாவது ஜிக்தான் இன்றும் ஓடுகிறது. மரத்தின் நடுவில் 30 மில்லிமீட்டர் நீளம், 5 அகலம், 15 ஆழத்துக்கு ஒரு குழி. வரிசையாகத் துளைபோட்டு உளியால் இணைத்தது. சுருள் அதில் செங்குத்தாகப் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும். இரு முனைகளும் குழியின் இரண்டு பக்கமும் உள்ள பள்ளத்தில் படுக்கும். ஒரு பக்கம் உப்புத்தாள் ஓட்டு, சுருளைத் திருப்பாதே. மறுபக்கம் கம்பியைக் கையிலெடுத்து முழுக்கச் சுரண்டு. மரத்தில் ஒரு பக்கம் சிவப்புப் புள்ளி, மறுபக்கம் பச்சைப் புள்ளி வைத்திருக்கிறோம். சிவப்பு என்றால் திருப்பாதே. ஒரு ஜிக் செய்ய அண்ணனுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. பொருட்செலவு பூச்சியம், பழைய கதவுச் சட்டம்தான். 120 நம்பர் உப்புத்தாள் கம்பியையே தின்கிறது. 220 சரியாக இருக்கிறது.

சுருளுக்கு அளவு: 25 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டில் பத்துச் சுற்று, இருபக்கமும் நாலு சென்டிமீட்டர் முனை. ஒரு சுருளுக்கு 90 சென்டிமீட்டர் கம்பி. வகுப்புக்கு 16 மீட்டர் சொச்சம், எடை 25 கிராம்கூட வராது. 30 கேஜ் போட்டுப் பார்த்தோம், அச்சு வளைந்து தொங்குகிறது. 22 கேஜ் விறைப்பு, பிள்ளைகளால் நேராக்க முடியவில்லை. கம்பியை வகுப்பில் அளந்து வெட்டக் கூடாது, அதற்கே பத்து நிமிடம் போகும், சிக்கல் விழும். முந்தின இரவே வெட்டி, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றிக் கொக்கி மாட்டி வைத்துவிடுகிறேன்.

இந்த ஜிக்கோடு ஐந்தாவது பள்ளியில் 11 சுற்றியது. ஆறாவதுக்கு முன்னால் இரண்டு மாற்றம் செய்தோம். ஊக்குக்குப் பதில் 16 கேஜ் வெற்றுச் செம்புக் கம்பியை ஆணியில் சுற்றி வளையம் போட்ட தாங்கி. அதைக் காந்தம் இழுக்காது, துருவும் பிடிக்காது. இரண்டாவது, விரலால் அழுத்தினால்தான் மின்சாரம் போகிற மாதிரி பத்து மில்லிமீட்டர் அகலப் பித்தளைத் தகடு. கையை எடுத்தால் கரண்ட் நின்றுவிடும். முன்பு ஒரு பள்ளிக்கு 18 செல் தீர்ந்தது, இப்போது அதே செல்கள் அடுத்த பள்ளிக்கும் வருகின்றன. திரும்பத் திரும்ப வரும் செலவில் பெரியது செல்தான் என்பதால், இந்தத் தகட்டுத் துண்டை முதல் நாளே வெட்டியிருக்க வேண்டும்.

ஆறாவது பள்ளியில் 13. மீதி ஐந்தில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது பெஞ்சுப் பெண் ஒருத்திக்குத் தெரிந்தது. சுருள் சுற்றச் சுற்ற ஒரு பக்கமாக நகர்ந்து தாங்கியில் உரசி நின்றுவிடுகிறது. அவள் பையிலிருந்து உறிஞ்சுகுழல் ஒன்றை எடுத்து, இரண்டு குட்டித் துண்டு வெட்டி, அச்சின் இருபுறமும் கோத்துவிட்டாள். அப்புறம் அது நகரவே இல்லை. அண்ணன் அவளிடம் "எத்தனை மில்லிமீட்டர் வெட்டினம்மா?" என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று. ஏழாவது பள்ளிக்கு 40 துண்டு வெட்டிக்கொண்டு போனோம். சுற்றாத அந்த இரண்டில் ஒன்றுக்குச் செல் காலி. இன்னொன்றில் முனை முறுக்கேறியிருந்தது, நேராக்குவதற்குள் மணி அடித்துவிட்டது.

அவள் செய்ததைப் பார்த்தபிறகு வகுப்பின் நேரத்தையும் மாற்றிவிட்டேன். பேச்சு ஒரு நிமிடம். செய்ய 20 நிமிடம். சுற்றாததைச் சுற்ற வைக்க 14. மூட்டை கட்ட ஐந்து. இடக்கை விதி யாராவது கேட்டால் மட்டும். அநேகமாகக் கேட்கிறார்கள், காந்தத்தைத் தலைகீழாக வைத்தால் எதிர்ப்பக்கம் சுற்றுமா என்று ஆரம்பிக்கும் அந்தக் கேள்வி. ஆனால் காந்தத்தை நாங்கள்தான் பலகையில் ஒட்டிவிட்டோமே! செல்லைத் திருப்பிப் போடச் சொல்கிறேன், அதுவும் அதே வேலையைச் செய்யும்.

மற்ற சோதனைகளில் சொல்ல அதிகமில்லை. நிலைமின்சாரம் ஆரம்பத்தில் பட்டியலில் இருந்தது. காற்றில் ஈரம் கூடிய ஒரு நாளில் ஒரு பலூன்கூட ஒரு காகிதத்துணுக்கைத் தூக்கவில்லை. வானிலை பார்த்து நடக்கிற சோதனை பயணத்துக்கு ஆகாது என்று எடுத்துவிட்டோம். சிவப்பு முட்டைக்கோஸ் சாறு அமிலத்தில் சிவப்பாகவும் சமையல் சோடாவில் நீலப்பச்சையாகவும் மாறும், பார்க்கவே அழகு. ஆனால் இரண்டு நாள் பாட்டிலில் கிடந்து அழுகி, மூடி கசிந்து, ஒரு பெட்டி முழுக்க நாறியது. இப்போது வடிதாளை அந்தச் சாற்றில் முக்கிக் காயவைத்து, நாடா நாடாவாக வெட்டி, காற்றுப் புகாத உறையில் வைத்துக் கொண்டுபோகிறோம். சிடி குழலில் ஒரே ஒரு பாடம். கீற்றை பிளேடால் செய்யாதீர்கள், இரண்டு பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பு போதும், இடைவெளி அரை மில்லிமீட்டர். வெள்ளை எல்இடியில் நீலம் தனியாகப் பளிச்சிடுவதையும், சிஎஃப்எல் விளக்கில் நிறங்கள் துண்டு துண்டாக நிற்பதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் மூன்று தடவை சொல்கிறேன்.

ஊசல்தான் எங்கள் தங்கம். நூல், நட்டு, ஆணி. உடைய எதுவுமே இல்லை. 25 சென்டிமீட்டர் ஊசல் ஒருமுறை போய்வர ஒரு நொடி. 20 ஆட்டத்துக்கு 20 நொடி வர வேண்டும். முதலில் எல்லோருக்கும் 20.7 பக்கம் வந்தது, நான் பிள்ளைகளின் கைக்கடிகாரத்தைக் குறை சொன்னேன். தப்பு என்னுடையது. முடிச்சு வரைக்கும் 25 அளந்திருந்தேன், நட்டின் நடுப்பகுதி இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இருந்தது. இப்போது நட்டின் மையம் வரை அளந்து நூலில் மையால் குறி போட்டிருக்கிறோம்.

கடைசியாகப் பெட்டி. உண்மையில் அதிகப் பணம் தின்றது இதுதான், மொத்தச் செலவில் ஏறத்தாழ பாதி. முதல் பெட்டி ஒன்றே ஒன்று, நிரப்பினால் 27 கிலோ. இரண்டாம் மாடி வகுப்புக்கு ஏற்றும்போது கைப்பிடி பிய்ந்தது. அதற்கடுத்து வாங்கிய பெட்டியும் அதே அளவு, அதே புத்தி. மூன்றாவது முயற்சியில்தான் மூன்று சின்னப் பெட்டி, ஒவ்வொன்றும் ஒன்பது கிலோவுக்குள், ஒரு வகுப்புக்கு ஒன்று. உள்ளே முதலில் தெர்மாகோல் வெட்டி வைத்தோம். ஒரே பயணத்தில் அரைந்து, வெள்ளைப் பொடி எல்லாவற்றிலும் ஒட்டியது, அச்சு முனைகளில்கூட. பிறகு 30 மில்லிமீட்டர் ஈவிஏ ஃபோம். ஒவ்வொரு பொருளின் வடிவத்துக்கும் கட்டர் பிளேடால் பள்ளம் வெட்டி, அடியில் மஞ்சள் காகிதம் ஒட்டினோம். பொருள் இல்லாத பள்ளம் மஞ்சளாகப் பல்லைக் காட்டும். முன்பு எண்ணிச் சரிபார்க்க 20 நிமிடம் ஆனது, அடுத்த வகுப்பு வாசலில் வந்து நிற்கும். இப்போது பிள்ளைகளே அடுக்குகிறார்கள், எங்கே மஞ்சள் தெரிகிறது என்று அவர்களே கத்துகிறார்கள். நாலு நிமிடம்.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. பலகையோடு சேர்த்து ஒட்டிய செல் பெட்டியின் ஸ்பிரிங் வண்டியின் குலுக்கலில் தளர்கிறது, அதைத் தனியாகக் கழற்றும்படி செய்ய வேண்டும். ஃபோமை மூடியிலும் ஒட்ட வேண்டும். ஜிக்கின் பள்ளம் ஏழு பள்ளிக்குப் பிறகு தேய்ந்து ஆழமாகிவிட்டது, பாதிக்குப் பதில் கால்வாசிதான் சுரண்டுகிறது. பள்ளத்தில் பித்தளைத் தகடு பதிக்கலாம் என்கிறார் அண்ணன். மரம் தேய்ந்தால் புது மரம், எதற்குத் தகடு என்கிறேன் நான். எட்டாவது பள்ளிக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. ஒன்பது ஜிக்கில் நாலுக்குத் தகடு, ஐந்துக்குப் புது மரம் என்று பேசி முடித்திருக்கிறோம்.